முப்பத்தாறு கம்பி

“இது தானா உடைஞ்ச கம்பி இல்லண்ணே. யாரோ அறுத்த கம்பி” என்றான் சைக்கிள் பழுது பார்க்கும் பெங்.

எதிரே சின்ன முக்காலியில் பிதுங்கி உட்கார்ந்திருந்த லாய் சிரித்தார். வூலிங் மலையடிவாரத்தில் பன்றிக்கறிச் சோற்றுக் கடை நடத்துகிறவர். எடை நூற்று நாற்பது கிலோ.

“நம்ம உடம்புக்குக் கம்பி அறுந்தா அது அதிசயமா? பேய் மாசம் வேற. ஏதாவது ஒண்ணு பின்னாடி தொத்திக்கிட்டு வந்திருக்கும்” என்றார், இடது தோளைத் தேய்த்துக்கொண்டே.

“பேய்க்கு அரம் எதுக்குண்ணே?” பெங் கம்பியை வெளிச்சத்தில் பிடித்தான். பாதி வரை வழவழவென்று அராவிய தடம், மீதி பிய்ந்திருந்தது. “பாரம் தாங்காத கம்பி பெரும்பாலும் கழுத்துலதான், அச்சுகிட்ட வளையற இடத்துல, உடையும். இது நட்ட நடுவுல போயிருக்கு.”

லாயின் சிரிப்பு நின்றது.

இப்படி நடப்பது மூன்றாவது முறை. ஊரில் பாதிப் பேர் வூலிங் உச்சிக்குச் சைக்கிளில் ஏறி, அங்கே உயரம் எழுதியிருக்கும் பலகையைக் கட்டிப் பிடித்துப் படம் எடுத்து வீட்டில் மாட்டிவிட்டார்கள். ‘அண்ணன் ஏறினா மலை ஒரு முழம் கீழே இறங்கிடும்’ என்று சாப்பிட வருகிறவர்களெல்லாம் கேலி செய்ய, அந்தப் பலகையைத் தொட்டே தீருவது என்று லாய்க்கு வெறி பிடித்திருந்தது. ஆனால் கிளம்புகிற நாளெல்லாம் பின்சக்கரத்தில் கம்பி அறுந்துவிடும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் நாட்டின் நடுப்புள்ளியைக் குறிக்கும் மையக்கல்லைக்கூட எட்டாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்புவார்.

“வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“நானும் உன் அண்ணியும்தான்.” லாய் குரலைத் தாழ்த்தினார். “போன வாரம் கத்தினாடா. ‘மலைக்குப் போனே, பொணமாத்தான் வருவே’ன்னு.”

பெங் அராவிய தடத்தை விரலால் இன்னொரு முறை தடவிப் பார்த்தான். பெங்குக்குச் சக்கரங்களைப் பற்றி நன்றாகத் தெரியும். மனிதர்களைப் பற்றியும் அதே அளவு தெரியும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

“அண்ணே, இப்ப மாட்டியிருக்கறது ஒல்லிப் பசங்க பந்தயம் விடற வீல். இருபத்திநாலு கம்பி, ஒண்ணு போனா மொத்தமும் கோணிக்கும். நான் முப்பத்தாறு கம்பியில கட்டித் தர்றேன். தடிச்ச ரிம், அகல டயர். ஒண்ணு ரெண்டு போனாக்கூட மத்தது தாங்கும்.”

“சரிடா.”

“ஆனா சைக்கிள் உங்க வீட்டுக்கு வரக் கூடாது. ஞாயித்துக்கிழமை காலைல இங்கேருந்தே கிளம்புங்க. அண்ணிகிட்ட மூச்சு விடாதீங்க.”

மறுநாள் அண்ணியே வந்துவிட்டாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஒரு டப்பா கறிச் சோற்றை மேசையில் வைத்தாள் யூன்-சியா. இரண்டு விரல்களில் புதுக் கட்டு.

“புது வீல் கட்டறியாமே? கடைக்குச் சாப்பிட வந்தவங்க சொன்னாங்க. எவ்ளோ எடை தாங்கும், தம்பி?”

“யானை ஏறினாலும் தாங்கும்ண்ணி.”

“பாதி வழியில உடையாதா?”

“உடையவே உடையாது.”

அவள் முகம் வெளுத்தது. திட்டம் பாழானதில் வந்த வெளுப்பு என்று பெங் நினைத்துக்கொண்டான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவன் முகம் கொடுக்காமல் சக்கரத்தின் கோணலை நிமிர்த்தத் திரும்பிக்கொண்டான்.

“எப்ப தயாராகும்?”

“அடுத்த வாரம் ஆயிடும்” என்று கூசாமல் பொய் சொன்னான்.

அவள் போனதும் அந்தச் சோற்றை அப்படியே குப்பையில் கொட்டினான். என்ன கலந்திருக்கிறாளோ, யார் கண்டது!

ஞாயிறு விடியலில் லாய் கிளம்பினார். அவ்வளவு பெரிய உடம்பு ஏறி உட்கார்ந்தும் புதுச் சக்கரம் ஒரு முனகல்கூட முனகவில்லை. பெங்குக்குப் பெருமை பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் மையக்கல்லருகே கட்டை விரலை உயர்த்திக்கொண்டு நிற்கும் படம் வந்தது. உடனே கூப்பிட்டு, “மெதுவா மிதிங்கண்ணே, வீலைப் பத்திக் கவலையே வேணாம்” என்றான்.

வெயில் ஏறியபோது வாசலில் ஸ்கூட்டர் கிறீச்சிட்டு நின்றது. கடை ஏப்ரனும் வீட்டுச் செருப்புமாக யூன்-சியா ஓடி வந்தாள்.

“அவரைக் காணோம். சைக்கிள் எங்க?”

“நீங்க அரம் போட முடியாத இடத்துல இருக்கு. எனக்கு எல்லாம் தெரியும்ண்ணி” என்றான் பெங், கையைக் கட்டிக்கொண்டு.

அவள் பதில் சொல்வதற்குள் அவன் போன் அடித்தது. லாயின் எண்தான். எடுத்து ஸ்பீக்கரில் போட்டான், அவளும் கேட்கட்டும் என்று.

பேசியது வேறு யாரோ.

“உங்க நம்பர்தான் கடைசியா வந்திருந்தது. இந்த அண்ணன் பாதி மலையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாருங்க. அப்படியே சாஞ்சுட்டார். ஆம்புலன்ஸ்காரங்க பார்த்துட்டு உயிர் இல்லேன்னுட்டாங்க. சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல. வீல் கொஞ்சங்கூடக் கோணல.”

பெங் போனை மேசையில் வைத்தான். யூன்-சியா அழவில்லை. லாய் உட்கார்ந்திருந்த அந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்து, சுவரில் தொங்கிய சக்கரங்களைப் பார்த்தாள்.

“வீல் தாங்கும், தம்பி. அவர் நெஞ்சு தாங்காதுன்னுதானே நான் கம்பியை அறுத்தேன்!”