ஷிபா போட்ட சண்டை

"வண்டிய எடுங்க சிஸ்டர். கடை வாசல அடச்சிட்டு நிக்கப்பிடாது, கேட்டியளா?"

தையல் கடை ஷிபா போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

குலசேகரம் பக்கத்தில் அந்தச் சந்திப்புக்கு மாதம் ஒருமுறை வரும் மருத்துவ வண்டி அது. பெண்களுக்குப் பால்வினைத் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே மருந்தும் கொடுப்பார்கள். ஊர் அதற்கு வைத்திருக்கும் பெயரைப் பத்திரிகையில் எழுத முடியாது.

நர்ஸ் ஜெப்சி தன்மையாகச் சொல்லிப் பார்த்தாள். சந்திப்பில் நின்றால்தானே நாலு பேர் கண்ணில் படும், ஒரு பெண்ணான நீங்களே இப்படி விரட்டினால் எப்படி என்றாள்.

"இது குடும்பத்துப் பொண்ணுவ வந்து போற கடை. பின்னால ரப்பர் விளையில கொண்டு நிறுத்துங்க."

டீக்கடைக்காரர்கள் எல்லோரும் ஷிபா கட்சி. அப்படிப் போடு என்று ஒருவர் தலையாட்டவும் செய்தார். வேறு வழியில்லாமல் டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

கடைக்குப் பின்னால், ஆள் நடமாட்டமே இல்லாத ரப்பர் மரங்களுக்கு நடுவில் வண்டி நின்றபோது ஜெப்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் கவலையெல்லாம் இந்துஜாவைப் பற்றித்தான். லாரி டிரைவரின் மனைவி, மாசமாக இருக்கிறாள். கர்ப்பிணிகள் முகாமில் எடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்ததை அங்கேயே அவள் காதோடு சொல்லி, வண்டிக்கு வரச் சொல்லியிருந்தாள் ஜெப்சி. ஊசி போட்டால் குணமாகிவிடும். தள்ளிப்போனால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. ஆனால் மாமியார் சொர்ணம்மாள் மருமகளை எங்கேயும் தனியாக விடுவதில்லை. போன் செய்தாலும் அந்த அம்மாள்தான் எடுக்கிறார்.

சந்திப்பில் நின்றபோதே வராதவள், இந்த விளைக்குள்ளா வரப்போகிறாள்? குடும்பத்துப் பெண்களாம், பெரிய குடும்பம் என்று ஜெப்சி வாய்க்குள் திட்டினாள். ஷிபாவைப் பற்றி ஆபீசில் புகார் சொல்லியே தீருவதென்று போனையும் எடுத்தாள்.

அப்போது கடையின் பின்கதவு திறந்தது.

கையில் ஜாக்கெட் துணியோடு இந்துஜா வேகமாக வந்து வண்டிக்குள் ஏறினாள்.

"மாமியார் வரல்லியா?" ஜெப்சி நம்ப முடியாமல் கேட்டாள்.

"மாமி கடைக்கு முன்னால இரிக்காவ. நான் உள்ள அளவு குடுக்கேன்னு நெனச்சிட்டு இரிக்காவ. சீக்கிரம் போடுங்க சிஸ்டர்."

ஜெப்சி ஊசி போட்டாள். வலியில் முகத்தைச் சுளித்த இந்துஜா, அடுத்த நிமிடமே சிரித்துவிட்டாள். ஜெப்சிக்கும் மனசு நிறைந்துபோனது.

"இந்த யோசனை யாரோடது?"

"ஷிபாக்காதான். வண்டிக்குப் போணும், சந்திப்புல வச்சு எப்பிடி ஏறுவேன்னு நேத்து அழுதேன். என்ன சீக்குன்னுகூட அவிய கேக்கல. வண்டிய நான் பின்னால அனுப்புதேன், நீ ஒரு துணி மட்டும் எடுத்திட்டு வா மக்களேன்னு சொன்னாவ."

ஜெப்சி போனைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்தாள். ஊசி போட்ட உடனே நடக்க வேண்டாம், கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார் என்றாள்.

"கடைக்குள்ள இரிக்கேன் சிஸ்டர். துணியும் கையுமா இன்னும் ஆறேழு பேரு கதவுக்குப் பின்னால நிக்காவ."