மூன்று மணி நேரப் பிசகு

பொத்தானை அழுத்தியதும் கைக்கடிகாரத்தின் முட்கள் இரண்டும் காலை ஏழரை மணியை விட்டுவிட்டுக் கிளம்பின. தயங்கித் தயங்கிப் போய் எட்டில் நின்றன.

அப்பாடா. நான்கு நாள் குழப்பம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

பார்த்தால் சாதாரண முள் கடிகாரம்தான். ஆனால் போனில் இருக்கும் ஆப் சொன்னபடி ஆடும். எழுந்து நட, எழுந்து நட என்று மணிக்கட்டில் உறுமும். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே லென்ஸ் தேய்க்கிறவனைப் பார்த்து எழுந்திரு என்கிறது. பிறந்தநாளுக்கு மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது என்பதால் பொறுத்துக்கொண்டேன். அவள் வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள்.

ஆப்பை ஏற்றிக் கொடுத்தது என் மனைவி. மகள் போனில் சொல்லச் சொல்ல, இவள் விரலால் தட்டிக்கொண்டே போனாள். பொத்தானை அழுத்தினால் மகளுடைய ஊர் நேரத்தைக் காட்டும் என்று பெருமையாகக் கையில் கட்டிவிட்டாள்.

அதுதான் தப்பாகக் காட்டியது.

இங்கே காலை ஏழரை என்றால் மகளின் ஊரில் முந்தின நாள் இரவு எட்டு. இரண்டு வருடமாக மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடிகாரமோ பதினொன்று என்றது.

முள்தான் பிசகிவிட்டது என்று ஆப்பைத் திறந்தேன். இரண்டு முட்களையும் பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்து என்றது. நிறுத்தினேன். பதினொன்று. புளூடூத்தைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். பதினொன்று.

மனைவியிடம் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆரம்பித்துவிடுவாள்.

கடிகாரம் சரியா, நான் சரியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேற்று கடையில் வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டினேன். முப்பது வருடத்தில் அப்படிச் செய்ததே இல்லை.

மகளையே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் நாங்கள் அவளைக் கூப்பிடுவதில்லை. லேபில் இருப்பாளாம், அவளாகத்தான் கூப்பிடுவாள். அதுவும் அம்மாவை. போன் என் கைக்கு வந்தால், சாப்பிட்டீங்களாப்பா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

காரணம் நான்தான். போன வருடம், படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். நாற்பது நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். வழிக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு படிப்பை விடுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் வேறு வார்த்தையும் அதிகம் இல்லை.

எனக்கு அவளோடு பழையபடி பேச வேண்டும். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

இன்று காலை ஆப்பின் மூலைமுடுக்கெல்லாம் துழாவியதில் 'இரண்டாவது நேரம்' என்று ஒரு பக்கம் அகப்பட்டது. அதில் நான் கேள்விப்பட்டே இராத ஏதோ ஓர் ஊரின் பெயர். என் மனைவி ஓர் அவசரக்குடுக்கை, பட்டியலில் மேலேயோ கீழேயோ இருந்த ஊரைத் தட்டிவிட்டிருக்கிறாள்! அதை நீக்கிவிட்டு மகளின் ஊரைப் போட்டேன்.

முட்கள் எட்டில் நின்றது அப்போதுதான்.

இரவு எட்டு மணிக்கு லேபும் இருக்காது, தூக்கமும் இருக்காது. உன் அம்மா செய்த வேலையைப் பார் என்று இந்தக் கூத்தைச் சொல்லியே பேச்சைத் தொடங்கிவிடலாம். நானே கூப்பிட்டேன்.

வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். அப்பா என்றாள், தொண்டை கட்டிய குரலில்.

"என்னம்மா, அதுக்குள்ள தூங்கிட்டியா?"

பொத்தானை மறுபடி அழுத்திப் பார்த்தேன். எட்டுதான்.

நான் கேட்டது சமையலறை வரை கேட்டிருக்க வேண்டும். மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"கிறுக்கா உங்களுக்கு? அங்க மணி பதினொண்ணு. தூங்குற புள்ளைய எதுக்கு எழுப்புறீங்க?"

அவள் கையில் கடிகாரமே இல்லை.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

போனில் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா சொல்லிட்டாங்களாப்பா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படிப்பை விட்டுவிட்டாளா, வேலைக்குப் போகிறாளா, கல்யாணமா, அது எந்த ஊர், எத்தனை மாதமாக? ஆயிரம் கேள்வி நாக்கு நுனி வரை வந்து நின்றது. ஒன்றைக் கேட்டாலும் வைத்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. வைத்தால் மறுபடி எடுப்பாளோ மாட்டாளோ.

"சொல்லிட்டாம்மா. பரவால்ல" என்றேன்.

அங்கே அவள் அழ ஆரம்பித்தாள். இங்கே இவளும் அழுதாள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை, பரவாயில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன், எதற்கு என்று தெரியாமலேயே.