நாலாவது லோகோ

குன்னூர் டிசைனர் ஜீவிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ரெஸ்லிங் மேடைகளில் ‘காட்டெருமை’ என்ற பெயரில் மோதும் பாலமுருகன், அவள் வரைந்த நாலாவது லோகோவையும் வேண்டாம் என்றுவிட்டார்.

“ஏனுங்க, பனியன்ல நெஞ்சு நிறைய இந்தக் கொம்பு இருந்தா எதிராளி மிரண்டுர மாட்டானுங்களா?”

“நெஞ்சுல வேண்டாமுங்க. ரெண்டு கொம்பையும் பிரிச்சு, பூட்ஸுக்கு ஒண்ணா அடிப்பக்கம் போட்டுக் குடுங்க.”

“மிதிக்கிற இடத்துலயா? அதை யாருங்க பார்ப்பாங்க?” குழம்பிப்போய்க் கேட்டாள்.

பாலமுருகன் சிரித்தார். “டிவியில எல்லாருந்தானுங்க. யாரு ஜெயிக்கோணும்னு ஷோவுக்கு முன்னாடியே பேசி வெச்சுருவாங்க. ஏழு வருசமா தோக்கறதுதான் என் வேலை. ஜெயிக்கறவன் என் நெஞ்சு மேல படுத்துக்குவான். நடுவர் மூணு எண்ணி முடிக்கற வரைக்கும், என் பூட்ஸ் அடி மட்டுந்தானுங்க கேமராவுக்குத் தெரியும்.”