இன்னொரு ரவுண்டு

"கல்யாணத்துக்குக் கேட்டா வண்டி குடுப்பியா பேட்டா?"

ஃபாத்திமா அம்மாள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். கார் வாங்க வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று ரகுராமுக்கு வியப்பாக இருந்தது.

சாதாரண கார் இல்லை. சீமையில் செய்தது, ரெண்டே சீட்டு, துணிக் கூரையான ஹூட்டை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டுகிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அல்சூர் பக்கம் 'பாயோட ஓப்பன் கார்' என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பாய் காலமாகிவிட்டார். அவர் மனைவி ஃபாத்திமா, மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். அதனால்தான் கார் விலைக்கு வந்திருக்கிறது.

ரகுராமுக்கு இது முப்பது வருஷத்து ஏக்கம். மர்பி டவுனில் அரை டிராயர் போட்ட காலத்தில், சித்தப்பா வெங்கடசாமியின் மாப்பிள்ளை அழைப்புக்கு இதே காரில் போயிருக்கிறான். முன் சீட்டில் மாப்பிள்ளை. மடித்த ஹூட்டின் மேல், புது பூட்ஸும் கழுத்தில் மாலையுமாக இவன். வீட்டில் எல்லோருக்கும் கடைக்குட்டி, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு. அன்றைக்கு ஒரு நாள்தான் தெருவே அவனை அண்ணாந்து பார்த்தது.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. மாப்பிள்ளை இறங்கிப் போன பிறகு, அவனை மட்டும் வைத்துக்கொண்டு கார் ஏரிக்கரைப் பக்கம் போய் வந்தது. முகத்தில் அடித்த அந்தக் காற்றை அவன் மறக்கவே இல்லை. எதற்காகப் போனது என்று மட்டும் யோசித்ததில்லை. சந்தோஷத்துக்குக் காரணம் கேட்கிற வயசா அது?

அப்புறம் படித்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய வேலை, கோரமங்களாவில் வீடு, வாசலில் ஏசி கார். அதில் ஏறி உட்காரும்போதெல்லாம், தலைக்கு மேல் கூரை இருக்கிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகுமா என்று மனைவி தாரணி சொல்லிப் பார்த்தாள். ஆசை எங்கே யார் பேச்சைக் கேட்டது? விஷயம் காதில் விழுந்த ஞாயிற்றுக்கிழமையே ஓடி வந்துவிட்டான்.

வந்து பார்த்தால் வயிறு எரிந்தது. பானெட்டில் பூச்சரம் ஒட்டிய டேப்பின் தழும்புகள். சீட்டில் சந்தனக் கறை. இடுக்கில் விரலை விட்டால் அட்சதை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹூட்டில் முழ நீளத்துக்கு ஒரு கிழிசல். அதைக் கறுப்பு நூலால் யாரோ கையால் தைத்திருந்தார்கள்.

அக்கம்பக்கத்தில் யார் வந்து கல்யாணம் என்று நின்றாலும் பாய் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம். அவர் போன பிறகும், ஓட்டத் தெரிந்தவனைக் கூப்பிட்டு அம்மாள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாராம்.

காரை ஒழுங்காக வைத்துக்கொள்வானா என்று அம்மாள் ஆழம் பார்ப்பதாகத்தான் ரகுராம் நினைத்தான். அதனால் அழுத்தமாகவே சொன்னான்.

"சத்தியமா குடுக்க மாட்டேன் ஆன்ட்டி. கவர் போட்டு ஷெட்டுல வெச்சிருப்பேன். என் பையனைக்கூடத் தொட விடமாட்டேன்."

அம்மாளின் முகம் வாடியது. கையில் இருந்த சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நக்கோ பேட்டா. உனக்குத் தர்றதில்ல."

சொன்ன விலைக்கு மேலே தருவதாகச் சொன்னான். கெஞ்சினான். அம்மாள் மசியவில்லை. தாலி ஏறுகிற வீட்டுக்கெல்லாம் ஓடிய வண்டி, அதைக் கொண்டுபோய் இருட்டில் பூட்டி வைக்க மனசு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? ரகுராம் ஹூட்டின் கிழிசலைத் தொட்டுக் காட்டினான்.

"இதைப் பாருங்க ஆன்ட்டி. பொறுப்பில்லாத எவனோ ஏறி மிதிச்சிருக்கான். இந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் குடுப்பீங்க. ஆசையாக் கேக்கறவனுக்குத் தர மாட்டீங்க."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எவனோ இல்ல பேட்டா, அது ஒரு வாண்டு. மர்பி டவுன் வெங்கடசாமி இருக்காருல்ல, அவரு கல்யாணம். மாப்பிளையோட அண்ணன் பையன். லாடம் அடிச்ச புது பூட்ஸு. ஊர்வலம் பூரா ஹூட்டு மேல நின்னு குதிச்சிருக்கான்."

ரகுராம் கிழிசலின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"கார் வீட்டுக்கு வந்திருச்சு, அவன் மட்டும் எறங்க மாட்டேன்னு ஒரே அழுகை. இது சீமை ஹூட்டு, இதுக்கு நான் எங்க போவேன்னு நான் கத்தறேன். எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு தெரியுமா?"

தெரியாது என்று ரகுராம் தலையை ஆட்டினான்.

"'கிழிஞ்சதைத் தெச்சுக்கலாம், நீ ஊசி நூலை எடுத்து வை. நான் பையனை இன்னொரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்'னாரு."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரில் நிற்பவன் யார் என்று அவருக்குத் தெரியாது. ரகுராம் குனிந்து, அந்தக் கறுப்புத் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவினான்.

"அடுத்த முகூர்த்தம் யாரு வீட்டுல ஆன்ட்டி? வண்டி நானே ஓட்டிட்டு வர்றேன்."