ஐந்தாவது பொருள்

நகராட்சி மன்றக் கூட்டத்தில் சேர்மன் மேசைமேல் ஒரு பாட்டிலை நங்கென்று வைத்தார் கவுன்சிலர் நெடுஞ்செழியன். உள்ளே கருஞ்சிவப்பாய்க் குலுங்கியது தண்ணீர். சாயப்பட்டறைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் ஒன்றாய்க் கலந்த தண்ணீர்.

“மூடியத் தொறக்கறேன், மோந்து பாருங்க சேர்மன். இதுலதான் வெற்றிச்செல்வன் மூழ்கிச் செத்தான்!”

முன்வரிசையில் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. யாரோ அவசரமாய் ஸ்பிரே அடித்தார்கள். மல்லிகை வாசனையாம்.

பார்வையாளர் பெஞ்சில் சசிகலா ஒருத்திதான். அந்தத் தண்ணீரைத்தான் அன்றைக்குப் புருஷனின் மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பாடையில் தூக்கி வைக்கும்வரை அது வடிந்துகொண்டே இருந்தது.

“அஞ்சாவது பொருள் வரும்போது பேசுங்க நெடுஞ்செழியன்” என்றார் சேர்மன். “மொதல்ல மன்ற விதிகள முடிச்சிடலாம்.”

ஐந்தாவது பொருள் இதுதான்: துப்புரவுக்கு ஆள் விடும் ஒப்பந்தத்தைப் பச்சையப்பனுக்கே நீட்டிப்பது. கையுறைகூடக் கொடுக்காமல் வெற்றிச்செல்வனைச் சாக்கடைக் குழியில் இறக்கியவன் அவன். இன்றைக்கும் கவுன்சிலர்களுக்கென்று பட்டு அங்கவஸ்திரங்கள் திணித்த பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

இப்போது அவனிடம் வேலை பார்ப்பது சசிகலாவின் தம்பி தமிழ்செல்வன். ஒப்பந்தம் தோற்றால் நகராட்சியே ஆட்களை எடுத்துக்கொண்டு, குழிக்கு மெஷின் வாங்கியாக வேண்டும். ஜெயித்தால், திங்கட்கிழமை அதே குழியில் தம்பி இறங்குவான். அதற்காகத்தான் சேவூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள்.

கிளார்க் விதிகளை மூச்சு விடாமல் படித்தார். லுங்கி கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வரக் கூடாது. பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது. யாராவது வெளியேறினால் அந்தப் பொருளைத் தள்ளிவைக்கும் வழக்கம் இனி இல்லை, இருப்பவர்களை வைத்தே முடிவு செய்யலாம். டீ, காரத்துக்கு ஆகும் செலவு பொது நிதியிலிருந்து...

“அட, ஆல் பாஸ் போடுங்க சேர்மன்!” நெடுஞ்செழியன் கையை வீசினார். “இதையெல்லாம் பேசிகினு உக்காந்தா எப்ப அஞ்சாவதுக்கு வர்றது?”

மேசைகள் தடதடவென்று தட்டப்பட்டன. விதிகள் நிறைவேறின. மிக்சர் தட்டுகள் வந்தன.

நெடுஞ்செழியனின் கட்சிக் கவுன்சிலர் சிவசங்கரி பின்னால் சாய்ந்து கிசுகிசுத்தாள். “பயப்படாதம்மா. சேர்மன் கட்சி ஆளுங்க பாதி பேரு கண்ணமங்கலத்துல கல்யாணம்னு போயிட்டாங்க. இன்னிக்கி கை தூக்குனா நாமதான் ஜாஸ்தி.”

சசிகலாவுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

ஐந்தாவது பொருள் வந்தது. சேர்மன் பக்கத்துக் கவுன்சிலர் ஒருவர் மிக்சரை மென்றபடியே எழுந்தார். “அந்தப் பையன் தண்ணியப் போட்டுகினு எறங்கிட்டான். அதுக்குக் கான்ட்ராக்டர் இன்னா பண்ணுவாரு?”

சசிகலா தன்னையறியாமல் எழுந்துவிட்டாள். “எங்க வீட்டுக்காரு பீடிகூடத் தொட்டதில்லீங்க!”

“யாரும்மா அது? இப்பத்தான் விதி பாஸாச்சி. வாய மூடிகினு உக்காரு!”

அதட்டிய கவுன்சிலரின் உதட்டோரம் ஒரு பூந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. மல்லிகை ஸ்பிரே, எண்ணெய்ப் பலகாரம், அந்த வாய். குழியே தேவலை என்று சசிகலாவுக்குத் தோன்றியது.

“த்தூ!” நெடுஞ்செழியன் அஜெண்டாவைக் கிழித்து எறிந்தார். “செத்தவன்மேல சாராய நாத்தம் பூசற எடத்துல மானமுள்ளவன் உக்காருவானா? எழுந்திரிங்க எல்லாரும்! வெளிநடப்பு!”

அவள் மனதில் இருந்ததைத்தான் அவர் சொன்னார். சசிகலாதான் முதலில் வெளியே வந்தாள். சிவசங்கரி மட்டும் நாற்காலியை விட்டு எழாமல், “அண்ணே, ஒரு நிமிசம்...” என்று இழுத்தாள்.

“கட்சி முடிவும்மா. கெளம்பு, கெளம்பு” என்று அவளையும் கிளப்பிக்கொண்டு வந்தார் நெடுஞ்செழியன்.

வாசலில் கோஷம் முழங்கியது. நிருபர்கள் செல்போனை நீட்டினார்கள். நெடுஞ்செழியன் சசிகலாவின் தலையில் கை வைத்தார்.

“இது என் தங்கச்சி. இவ தம்பி அந்தக் குழியில கால வெச்சான்னா அப்பறம் நான் மனுசனே இல்ல!” கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சசிகலாவும் அழுதாள். துக்கம் விசாரிக்க வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் தெருமுனையோடு திரும்பிப்போன அன்றைக்கு, வீட்டுக்குள் வந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் இவர் மட்டும்தான்.

வாசலில் கூடியவர்கள் கலைந்தார்கள். நெடுஞ்செழியன் தன் கார்ப் பக்கம் ஒதுங்கினார். ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போகலாமென்று, கைகூப்பியபடி அவருக்குப் பின்னால் போய் நின்றாள் சசிகலா.

அவர் திரும்பவில்லை. காதில் செல்போன் இருந்தது.

“எல்லாரையும் வெளிய இட்டாந்துட்டேன் சேர்மன், ஜல்தியா ஓட்டெடுங்க!”