கொதிக்காத வெந்நீர்த் தொட்டி

கடையின் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால், விற்பனைக்கு வைத்த வெந்நீர்த் தொட்டியில், முதலாளியே வாடிக்கையாளர் மாதிரி மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஈ ஓட்டும் கடைக்கு நாலு பேராவது எட்டிப் பார்க்கட்டும் என்று மனைவி சொன்ன யோசனை. கரண்டுக்கு அழுது மாளாமல் ஹீட்டரை அணைத்தாயிற்று. ஆவி பறக்க வேண்டுமே என்று தொட்டிக்குப் பின்னால் ஒரு கெட்டில் கொதிக்கிறது. மோட்டார் கிளப்பும் குமிழிகள் மட்டும் பொங்க, பச்சைத் தண்ணீர் எலும்பைத் துளைக்கிறது. கதவுமணி சிணுங்குகிறது. சிரிப்பை மாற்றாமல் திரும்புகிறார். போன மாதம் தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி நிற்கிறார். துண்டுக்கு நீண்ட கை எட்டவில்லை. “வாங்க சம்பந்தி... புது மாடல். சும்மா இறங்கிப் பார்த்தேன்.” பல் தந்தியடிக்கிறது. “வியாபாரம் எப்படிப் போகுதுங்க?” என்கிறார் வந்தவர். “ஓகோன்னு போகுது!” கெட்டில் டக்கென்று அணைகிறது, ஆவி அடங்குகிறது. சம்பந்தி சட்டைக் கையை மடித்துவிட்டு, மணிக்கட்டு நனையத் தண்ணீருக்குள் கையை விடுகிறார். அவர் தோள் ஒருமுறை சிலிர்க்கிறது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. “நல்லா இதமாத்தான் இருக்கு,” என்கிறார், முகத்தைப் பார்க்காமல். முதலாளி அந்தக் குளிர்ந்த தண்ணீரில் மெல்லக் கீழே இறங்குகிறார், வாய் மூழ்கும்வரை.