பேராயர் கேட்பார்

கச்சிராயபாளையம் தேவாலயத்துக்குப் புதிதாக வந்திருந்த உபதேசியார் தானியேலுக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் காலை திடப்படுத்தல் ஆராதனை. பேராயரே வந்து, தலையில் கை வைத்துப் புதியவர்களைச் சபையில் சேர்க்கப் போகிறார். விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாக ஒப்பிக்காதவரைச் சேர்க்க மாட்டார். அதில் ரொம்பக் கண்டிப்பு. போன மாதம்தான் ஞானஸ்நானம் வாங்கிய கரும்பு வெட்டும் வேடியப்பனோ, ஆறாவது முறையாக, பிரமாணத்தில் வரும் ‘பொந்தியு பிலாத்து’ என்ற பெயரில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்.

“பெரியவரே, எழுபத்தெட்டு வயசுல இதெல்லாம் மண்டையில ஏறாது. நாளைக்குக் கூட்டத்தோட கூட்டமா வாயை அசைங்க, போதும்.”

“வேணாங்கய்யா. கரும்பு வெட்டிக்கினே சொல்லிப் பாக்குறேன், அங்க வந்தா மட்டும் நாக்கு தடுக்குது. மறுக்கா சொல்லிக் குடுங்க.”

“வயசானவங்களை எல்லாம் பேராயர் கேட்க மாட்டாருங்க.”

“கேப்பான்.”

தானியேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “யாரைப் பாத்து அவன் இவன்கிறீங்க? பேராயரையா?”

வேடியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார்.

“நாப்பது வருசம் முன்ன, சாமி மாறிட்டான்னு அவன வூட்ட வுட்டு வெரட்டுனவன் நான். நாளைக்கு எல்லாரையும் கேட்டுட்டு என்னை மட்டும் வுட்டான்னா, பெத்த அப்பன்னு சலுகை காட்டிட்டான்னு ஊரு பேசாதா? அந்தப் பழி எம் மவனுக்கு வரக் கூடாது. ம்... மொதல்லேர்ந்து சொல்லுங்கய்யா.”